‘பாத்துக்கலாம்’ என்று விட்டவை: டெல்டாவில் முதன்முறையாகக் கல்யாணம் நடத்துகிறவர்களுக்கு

என் கல்யாணத்தில் எடுத்த இரண்டாயிரத்துச் சொச்சம் படங்களில் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, இருப்பது ஒன்றே ஒன்றில்தான். அதிலும் சீர்த்தட்டுக்குப் பின்னால் பாதி முகம். “அப்பாயியை எடுக்காமலா இருப்பாங்க, பாத்துக்கலாம்” என்று எல்லாரும் நினைத்தோம், யாரும் சொல்லவில்லை. அடுத்த ஆடிக்குள் அப்பாயி போய்விட்டாள்.

பிறகு தம்பி கல்யாணம் வந்தபோது பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அப்போது செய்த வேலைகளை அதே வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: ஒரு நோட்டு வாங்குங்கள்

கைப்பேசியில் குறித்தால் போதாதா என்பீர்கள். போதாது. அப்பாவும் மாமாவும் புரட்டிப் பார்க்கிற மாதிரி கூடத்தில் ஒரு நோட்டு கிடக்க வேண்டும். வேலை, யார் பொறுப்பு, பேசிய தொகை, கொடுத்த அட்வான்ஸ், பாக்கி என்று ஐந்து பத்தி. ஒரு வேலைக்கு ஒரே பெயர்தான் எழுத வேண்டும். இரண்டு பெயர் இருந்தால் அவர் பார்ப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் இருந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் வாழைமரம் அப்படித்தான் வராமல் போனது.

படி 2: தேதிக்கு முன் வயலையும் வானத்தையும் பாருங்கள்

ஆடி, புரட்டாசி, மார்கழியைக் கழித்தால் மீதி மாதங்களின் முகூர்த்த நாட்களுக்குத்தான் ஊரே அடித்துக்கொள்ளும். ஜோசியரிடம் ஒரே தேதி கேட்காமல் மூன்று நான்கு வாங்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போங்கள்.

விவசாயக் குடும்பம் என்றால் தை மாதத்தில் கொஞ்சம் யோசியுங்கள். சம்பா அறுவடை நேரம் அது. அறுப்பு மிஷினுக்கும் மேளக்காரருக்கும் ஒரே வாரத்தில் ஓட வேண்டியிருக்கும். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கணக்கில் ஏறும் முன்பே பாக்கி கேட்டு ஆள் வந்து நிற்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். புயல் வராவிட்டாலும் அடைமழை உண்டு. சாப்பாட்டுக் கூடத்துக்கு நிரந்தரக் கூரை இருக்கிறதா, வண்டி நிறுத்தும் இடம் சேறாகுமா என்று நேரில் போய்ப் பாருங்கள். இன்னொன்று: 2028 மாசியில் கும்பகோணத்தில் மகாமகம். அந்த மாதம் அங்கே மண்டபமும் அறையும் தேடும் யோசனையே வேண்டாம்.

படி 3: மண்டபத்தில் கேட்க வேண்டியவை

வாடகை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? கரண்ட், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, பாத்திரம் எல்லாம் வாடகைக்குள் சேர்ந்ததா, தனியா? பதிலை ரசீதின் பின்புறமே எழுதி வாங்குங்கள். என் கல்யாணத்தில் வாயால் பேசிய வாடகைக்கு மேல் ‘இதர செலவு’ என்று ஒரு சீட்டு வந்தது. முகூர்த்தம் முடிந்த கையோடு, சம்பந்தி வீட்டார் எதிரே நின்றுகொண்டு அதற்குச் சண்டை போடவா முடியும்?

படி 4: சாப்பாடு

மனஸ்தாபம் அதிகம் பிறப்பது இங்கேதான். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

சாமான் நாம் வாங்கிக் கொடுத்துச் சமையல்காரருக்குக் கூலி பேசுவது ஒரு முறை. இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் காண்ட்ராக்ட் விடுவது இன்னொன்று. வீட்டில் மளிகைக் கணக்குப் பார்க்க ஆள் இருந்தால் முதலாவது. இல்லையென்றால் காண்ட்ராக்டே நிம்மதி. ஆனால் குறைந்தபட்சம் எத்தனை இலை, அதற்கு மேல் போனால் என்ன ரேட், போட்டும் ஆள் உட்காராத இலை கணக்கில் சேருமா என்பதை முன்பே பேசிவிடுங்கள். பந்தி தொடங்கும் முன் வந்த இலையையும் முடிந்தபின் மிஞ்சிய இலையையும் நம் ஆள் ஒருவர் எண்ண வேண்டும்.

தலைக்கணக்கைப் பத்திரிகையை வைத்துப் போடாதீர்கள். ஊர்வாரியாகப் போடுங்கள்: எந்த ஊரிலிருந்து எத்தனை வேன், வேனுக்கு எத்தனை பேர். இரவு வரவேற்பு, காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு மூன்றுக்கும் தனித்தனி எண்ணிக்கை. எனக்கு மூன்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தார்கள். இரவில் அண்டா அண்டாவாக மிஞ்சியது, மறுநாள் மூன்றாம் பந்திக்குச் சாம்பார் ரசமாகிவிட்டது.

கூடத்தின் அளவையும் கணக்கில் எடுங்கள். 200 பேர் உட்காரும் கூடத்தில் 600 பேர் சாப்பிட மூன்று பந்தி. இலை எடுத்து, துடைத்து, மறுபடி போடப் பந்திக்கு 40 நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம். வயதானவர்களும் தூரத்து ஊர்க்காரர்களும் முதல் பந்தி.

அப்புறம், பந்தி விசாரிக்க ஆள். சாப்பாடு எவ்வளவு ருசியாக இருந்தாலும் ‘ஒரு வார்த்தை கேக்க ஆளில்லை’ என்று போனவர்கள் பத்து வருடம் சொல்லிக் காட்டுவார்கள். சித்தப்பாவிடம், “நீங்க மேடைப் பக்கமே வர வேண்டாம், பந்தியிலேயே நில்லுங்க” என்றேன். முதலில் முகம் சுருங்கினார். சாயங்காலம் பார்த்தால் ஊரே அவரைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தது.

படி 5: புடவை, மேளம்

பட்டுக்குச் சென்னை வரை போகிறவர்களைக் கண்டால் எனக்குப் புரிவதில்லை. கும்பகோணத்தை ஒட்டித் திருபுவனம் இருக்கிறது, 2019இல் புவிசார் குறியீடும் வாங்கிய பட்டு. கடையிலேயே கால்மணி நேரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். சரிகை கனத்தால் நான் பட்ட பாடு போதும். ரவிக்கையை மூன்று வாரம் முன்பே தைத்து, போட்டுப் பார்த்துவிடுங்கள்.

நல்ல நாதஸ்வர செட் முகூர்த்த நாளில் கிடைப்பது அரிது. மண்டபம் உறுதியான அன்றே அட்வான்ஸ் கொடுங்கள். வரவேற்பில் பாட்டுக் கச்சேரி வைத்தால், ஸ்பீக்கரைச் சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் திருப்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

படி 6: படத்துக்கு ஒரு சீட்டு

யார் யாரோடு படம் வேண்டும் என்று இருபது வரி எழுதுங்கள். முதல் வரியில் வீட்டின் மூத்தவர்கள். போட்டோக்காரருக்கு அப்பாயி யார் என்று எப்படித் தெரியும்? சொந்தங்களை அடையாளம் தெரிந்த ஒரு பையனைச் சீட்டோடு அவர் பக்கத்திலேயே நிறுத்துங்கள். தாலி கட்டிய பிறகு கூட்டம் மேடையை மொய்த்துவிடும். பெரியவர்கள் படத்தை முந்தின நாள் மாலையிலேயே முடித்துவிடுவது மேல்.

படி 7: மொய் நோட்டு

‘முருகேசன், 501’ என்று எழுதினால் எந்த முருகேசன் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் உறவில் மட்டும் ஆறு பேர். ஊர், இனிஷியல் இரண்டையும் கேட்டு எழுதுகிற ஆளை உட்கார வையுங்கள். நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய பணம் அது.

படி 8: பத்திரிகையும் பதிவும்

ஆதாரில் உள்ளபடியே பெயர்களைப் பத்திரிகையில் அச்சடியுங்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வயது, முகவரிச் சான்றுகளோடு பத்திரிகையும் கேட்பார்கள். தம்பி பதிவுக்குக் கிளம்பியபோது வீட்டில் ஒரு பத்திரிகைகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் கொடுத்து முடித்திருந்தோம். கடைசியில் பாபநாசத்து அத்தை வீட்டுப் பீரோவிலிருந்து, மஞ்சள் தடவியபடியே ஒன்றை வாங்கி வந்தோம். அச்சகத்திலிருந்து கட்டு வந்ததுமே இரண்டை உருவி, முதலில் வாங்கிய அந்தக் கூடத்து நோட்டுக்குள் வைத்துவிடுங்கள்.