ஆலப்புழால கயிறு பாத்துட்டு வந்து வீட்ல திரிக்கிறது எப்படி

ஆலப்புழான்னாலே எல்லாரும் ஹவுஸ்போட்டுன்னு தான் ஆரம்பிப்பாங்க, பட்ஜெட் இல்லனா கவலையே வேணாம், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலயே ஜெட்டி, அங்க கோட்டயம் போற அரசு போட்ல ஏறுங்க, ரெண்டரை மணி நேரம் போல ஆகும், அதே காயல் தான், டிக்கெட் சில்லறைக் காசு.

அடுத்து சேர்த்தலை பக்கம் போற பஸ் புடிச்சு கலவூர்ல இறங்குங்க. அங்க கயிறு வாரியத்தோட மியூசியம் இருக்கு, லீவு நாளான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. 1859-ல ஜேம்ஸ் டாராங்கறவர் ஆலப்புழால கயிறு ஃபேக்டரி ஆரம்பிச்சதுல இருந்து தான் இங்க கயிறு பெரிய தொழிலா ஆச்சு.

பச்சைத் தேங்கா மட்டைய காயல் தண்ணில மாசக்கணக்குல, ஆறுல இருந்து பத்து மாசம் வரைக்கும் கூட ஊறப் போடுவாங்க. அழுகுன முட்ட நாத்தம் அடிக்கும், ஆனா அதுல வர்ற நார் பொன் கலர்ல அவ்ளோ சாஃப்ட். ராட்டுல திரிக்கிற அக்காங்க நாரை இடுப்புல கட்டிக்கிட்டு பின்பக்கமாவே நடந்துட்டே போவாங்க, விரல மட்டும் பாருங்க.

இப்போ வீட்ல. காஞ்ச தேங்கா மட்டைய மூணு நாள் தண்ணில போடுங்க. கட்டையால நல்லா தட்டி, தூள் உதிர உதிர நாரைப் பிரிச்சு எடுங்க.

ஈரம் இருக்கும்போதே பென்சில் கனத்துக்கு ரெண்டு பிடி எடுத்து, நுனிய ஒண்ணா முடிச்சுப் போட்டு இடது கையில புடிச்சுக்கோங்க. பழைய ஜீன்ஸ் போட்ட தொடை மேல ரெண்டு புரியையும் தனித்தனியா வச்சு, உள்ளங்கையால முட்டிப் பக்கமா உருட்டுங்க. முறுக்கு ஏறுனதும் ரெண்டையும் ஒட்ட வச்சு, இப்போ நம்ம பக்கமா திருப்பி உருட்டணும். விஷயமே இதுல தான் இருக்கு, எதிர் எதிரா முறுக்குனா தான் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கும். நான் முதல்ல ஒரே பக்கமா உருட்டிட்டு கைய விட்டேன், மொத்தமும் பிரிஞ்சு துடைப்பம் மாதிரி நின்னுச்சு.

புரி மெலிய ஆரம்பிச்சா நாலு விரல் நீளத்துக்கு புது நாரை மேல வச்சு சேர்த்து உருட்டுங்க, ரெண்டு புரிக்கும் ஒரே இடத்துல ஒட்டு போடாதீங்க, அங்கயே அறுந்துடும்.

சிலும்பிக்கிட்டு நிக்கிற நாரை கத்தரியால வெட்டுங்க. தீக்குச்சில கொளுத்தி விடலாம்னு நான் ட்ரை பண்ணேன், முழுக் கயிறும் போச்சு.