பனி நாட்டில் கறிவேப்பிலைக் கன்று: விளக்கடியிலா, வெளியிலா?

யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றடி மரத்தின் கீழே பழம் விழுந்து கன்று தானாகவே முளைக்கும். டொரன்டோவில் அப்படி விட முடியாது. ஆறு வருடமாக நிலவறையில், விளக்கடியில்தான் முளைக்க வைக்கிறேன்.

விதை பழையதென்றால் தொடங்கவே வேண்டாம். கறிவேப்பிலை விதை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். சிநேகிதி வீட்டுச் சாடியில் கறுத்துப் பழுத்த பழங்களை வாங்கி, அன்றே தோலையும் சதையையும் கழுவி நீக்கி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுவேன். மண் 25 பாகைச் சூட்டில் இருப்பது நல்லது. மூன்று, நான்கு வாரம் பொறுங்கள்.

முளை தெரிந்த அன்றே வெள்ளை எல்ஈடி குழல்விளக்கை 10–15 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறக்குங்கள். டைமரில் 14 மணி நேரம். விளக்கு எட்ட இருந்தால் தண்டு நூலாக நீண்டு சரிந்துவிடும். முதல் வருடம் ஒன்பது கன்றுகள் எனக்கு அப்படித்தான் போயின. இன்னும் மனம் ஆறவில்லை.

சரி, வெளியே எப்போது? விளக்கு முளைப்புக்குப் போதும். தண்டு தடிக்க வெயில் வேண்டும். இரவில் 12 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் வந்த பிறகு, பெரும்பாலும் ஜூனில், முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம் வையுங்கள். பத்து நாளில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். நேரே வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும்.

செப்டம்பரில் திரும்ப உள்ளே. குளிர்காலத்தில் இலை கொட்டினால் பதறி நீர் ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும்.