விசித்திரக் கதையா? ஒரு பஸ் டிக்கெட் போதும்

கதையில் செத்தவர் திரும்பி வந்தால் 'இது எப்படி நடக்கும்?' என்று மல்லுக்கட்ட வேண்டாம். அடையாளத்துக்குச் செருகிய பழைய பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில், 'இதனால் யாருக்கு என்ன போனது?' என்று எழுதிவிட்டு மேலே வாசியுங்கள். இலக்கியக் கதைகளில் விளக்கம் பெரும்பாலும் வராது. ஒரு இழப்பையோ பயத்தையோ கண்ணால் காணவைக்கத்தான் அந்த விசித்திரம். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில், 'பாடும் மீன்' ஓசையைக் கேட்கப் பௌர்ணமி இரவில் துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு மறுமுனையில் காதை வைப்பவர், பாடுவது மீனா சிப்பியா என்றா முதலில் கேட்கிறார்? முதல் பக்கத்துக்கே திரும்பத் திரும்ப ஓடும் நேரம் எனக்கு இந்த டிக்கெட் பழக்கத்தால் மிச்சம். துப்பறியும் கதைக்கும், கணக்குப் பிசகாத விஞ்ஞானக் கதைக்கும் இது சரிவராது. அங்கே 'எப்படி' என்பதுதான் கதையே.