மலைக்காய்கறித் தோட்டத்தில் மண் விஷயத்தில் நடக்கும் தவறுகள்

ஊட்டி, கேத்தி, நஞ்சநாடு, கோத்தகிரிப் பக்கம் உருளைக்கிழங்கோ கேரட்டோ பொய்த்துப்போனால் பழி முதலில் மழைமேல் விழும், அடுத்து விதைமேல், கடைசியில் மேட்டுப்பாளையம் மண்டி விலைமேல். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் வயலில் இறங்கி வேரைப் பிடுங்கிப் பார்த்தால், பெரும்பாலான தொல்லை மண் இடம் மாறுவதில்தான் தொடங்கியிருக்கும். மேல்மட்டத்து மண் மழையோடு கீழே போகிறது. பக்கத்துத் தோட்டத்து மண் சாக்கிலும் பூட்ஸிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. இந்த இரண்டையும் தடுக்காமல் உரத்துக்கும் மருந்துக்கும் செலவழிப்பது வீண்.

சரிவுக்கு நேராகப் பார் போடுவது

கார்ப்போகக் கிழங்கு நிலத்தில் இருக்கும்போதுதான் தென்மேற்குப் பருவமழை வலுக்கிறது. பாரில், அதாவது நடவுக்காகக் கூட்டிய மண்வரிசையில், தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். அதற்குப் பயந்து பலர் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் பார் பிடிக்கிறார்கள். கொத்துவதும் சுலபம், மண் தானாகக் கீழே சரியும். தண்ணீர் வடிவதும் உண்மைதான். ஆனால் நீங்கள் போட்ட உரமும் மேல்மண்ணும் அதோடு சேர்ந்தே வடிகின்றன. சில வருடங்களில் மேல்மட்டத்தில் சிவந்த அடிமண் தலைகாட்டும். அங்கே எவ்வளவு எரு போட்டாலும் கிழங்கு கோலிக்குண்டு அளவைத் தாண்டாது.

சரியான வழி, பாரைச் சரிவுக்குக் குறுக்கே போட்டு, அதற்கு மிக லேசான வாட்டம் கொடுப்பது. நீளவாக்கில் 1 சதவீத வாட்டம் போதும், அதாவது 10 மீட்டருக்கு 10 செ.மீ. இறக்கம். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப்பில் தண்ணீர் நிரப்பி இரண்டு பேர் பிடித்தால், இந்த வாட்டத்தை அளந்துவிடலாம். கண்மட்டத்தில் பார்ப்பது மலையில் நம்பகமானதல்ல. எதிர்மலையின் சரிவு கண்ணை ஏமாற்றும்.

படிபடியாக வெட்டிய மட்டங்களில் இன்னொரு தவறு, தளத்தை வெளிப்புறமாகச் சாய்த்து வைப்பது. மழைநீர் விளிம்பைத் தாண்டி விழுந்து, கீழ்மட்டத்துச் சுவரை அறுக்கும். தளம் உட்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். 2.5 சதவீதம் என்பது நீலகிரிக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு. 4 மீட்டர் அகல மட்டத்தில் உட்புற ஓரம் வெளி ஓரத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்திருக்கும். அந்த உட்புற ஓரத்தில் ஒரு வாய்க்கால் ஓடி, புல் முளைத்த அல்லது கல் பதித்த வடிகாலில் சேரட்டும். வடிகால் வெறும் மண்ணாக இருந்தால் இரண்டு பெரிய மழையில் அது ஓடையாகிவிடும்.

மட்டச் சுவரை ஒவ்வொரு போகத்துக்கும் கொஞ்சம் செதுக்கி ஒரு வரிசை கூடுதலாக நடும் ஆசையை விட்டுவிடுங்கள். செங்குத்தாகிய சுவர் ஈரம் ஏறியதும் சரிகிறது. ஒரு வரிசைக் கேரட்டுக்காக ஒரு மட்டமே போகும். சுவரில் உள்ள புல்லைக் களைக்கொல்லி அடித்து எரிப்பதும் இதே வகைதான். வேர் செத்த பிறகு மண்ணைப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. புல் அடர்த்தியாக இருந்தால் அறுத்து மாட்டுக்குப் போடலாம். ஆனால் கிகுயு புல்லைச் சுவரில் வளர விடாதீர்கள், அது கொடி ஓட்டி வயலுக்குள் நுழையும். கொத்தாக நிற்கும் புல்தான் ஏற்றது.

புதிதாக மட்டம் வெட்டும்போது மேல்மண்ணை முதலில் வழித்துத் தனியாகக் குவித்து, தளம் சமன்செய்த பிறகு திரும்பப் பரப்ப வேண்டும். இயந்திரம் மணிக்கணக்கில் வாடகைக்கு வருவதால் இந்த ஒரு படியைத் தவிர்க்கிறார்கள். கறுத்த மேல்மண் அடியில் புதைந்துவிட்டால் அடுத்த சில வருட விளைச்சல் அந்த வாடகை மிச்சத்தைவிடப் பல மடங்கு விழுங்கும். நீலகிரியில் பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். 2009 நவம்பரில் நிலச்சரிவுகள் உயிர்களைக் கொண்டுபோன மலை இது.

சாக்கோடு வரும் நூற்புழு

உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1961-ல், ஊட்டியில். 1971 முதல் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை. இவ்வளவு பழைய எதிரியை இன்னும் பலர் 'மண் சோர்வு' என்று நினைத்துக் கூடுதல் யூரியா போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அடையாளம் இதுதான்: வயல் முழுக்க அல்லாமல் திட்டுத்திட்டாகச் செடி குட்டையாகும், அடியிலைகள் மஞ்சளாகும், மண் ஈரமாக இருந்தும் மதியத்தில் வாடும். சந்தேகம் வந்தால் நட்ட 60-ஆம் நாள் வாக்கில் ஒரு செடியை மண்வெட்டியால் மெதுவாகப் பெயர்த்து, மண்ணை உதறாமல் தண்ணீரில் அலசிப் பாருங்கள். பிடுங்கினால் வேர் அறுந்து எல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். குண்டூசித் தலை அளவில் வெள்ளை அல்லது பொன்மஞ்சள் உருண்டைகள் வேரில் ஒட்டியிருந்தால் அவை பெண் புழுக்கள். அவை செத்துப் பழுப்பு நிறக் கூடாக மாறி, உள்ளே 200 முதல் 500 வரை முட்டைகளைக் காத்துக்கொண்டு மண்ணில் கிடக்கும், இருபது வருடம் வரைகூட. உருளைக்கிழங்கு வேரின் கசிவு பட்டதும் முட்டை பொரியும். அதனால்தான் 'மூன்று வருடம் கேரட் போட்டேன், மறுபடி கிழங்கு போட்டதும் வந்துவிட்டது' என்ற புலம்பல் கேட்கிறது.

பயிர்ச் சுழற்சி பலிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் தானாக முளைத்த கிழங்குச் செடிகள். கேரட் பாத்தியில் நான்கைந்து கிழங்குச் செடி நின்றால், 'இருக்கட்டும், வீட்டுக்கு ஆகும்' என்று விட்டுவிடுகிறார்கள். புழுவுக்கு அந்த நான்கு செடி போதும். கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு என்று மாற்றி மூன்று நான்கு வருடம் கிழங்கே இல்லாமல் இருந்தால்தான் எண்ணிக்கை இறங்கும். தக்காளியும் கத்தரியும் இந்தக் கணக்கில் மாற்றுப் பயிரல்ல, இரண்டிலும் இந்தப் புழு பிழைக்கும்.

எதிர்ப்புத்திறனுள்ள ரகங்கள் உண்டு. நீலகிரிக்கென்றே 1985-ல் வந்த குஃப்ரி ஸ்வர்ணா, பின்னால் வந்த குஃப்ரி சஹ்யாத்ரி. குஃப்ரி ஜோதி இந்தப் புழுவுக்கு எளிதில் ஆட்படும். ஆனாலும் எதிர்ப்பு ரகத்தை ஒரே வயலில் தொடர்ந்து போடுவது தவறு. புழுவில் இரண்டு இனங்கள் இருக்கின்றன, ரகத்துக்குப் பணியாதது தங்கிப் பெருகும். எதிர்ப்பு ரகம், பிறகு கிழங்கல்லாத பயிர்கள், பிறகு மறுபடி கிழங்கு என்ற வரிசை நல்லது.

புழு தானாக அதிக தூரம் நகராது. அதை நகர்த்துவது மனிதர்கள். மண்டியிலிருந்து திரும்பி வரும் பழைய சாக்கு, மண் ஒட்டிய விதைக்கிழங்கு, வாடகைப் பவர் டில்லரின் கத்தி, அறுவடை ஆட்களின் பூட்ஸ், இந்த நான்கும்தான் வழி. டில்லர் தோட்டத்துக்குள் இறங்குமுன் கத்தியில் இருக்கும் மண்ணைச் சுரண்டித் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். ஓட்டுநர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். கழுவும் இடம் வயலுக்குக் கீழே, பாதையோரமாக இருக்க வேண்டும், தலைமாட்டில் அல்ல.

கோஸுக்கும் கிழங்குக்கும் ஒரே சுண்ணாம்பு

நீலகிரி மண் புளிப்பானது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் 'வருடம் ஒருமுறை டோலமைட்' (ஒருவகைச் சுண்ணாம்புத்தூள்) என்பது வழக்கமாகிவிட்டது. இதில்தான் சிக்கல். உருளைக்கிழங்குக்குக் கார அமில நிலை (pH) 4.8 முதல் 5.4 வரை இருந்தால் நல்லது. அதற்கு மேலே ஏறினால் தோலில் பொருக்கு வரும், மண்டியில் விலை குறையும். முட்டைக்கோஸின் வேர்வீக்க நோயை அடக்க வேண்டுமென்றால் 7-ஐத் தாண்ட வேண்டும். இரண்டும் ஒரே வருடத்தில் ஒரே பாத்தியில் நடக்காது. எனவே சுண்ணாம்பு, கிழங்கு எடுத்த பிறகு, கோஸுக்கோ கேரட்டுக்கோ முன்னால் வர வேண்டும். சுழற்சியில் கிழங்கு சுண்ணாம்பிலிருந்து எவ்வளவு தள்ளி வருகிறதோ அவ்வளவு நல்லது.

அளவை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். கறுத்த, மக்கு நிறைந்த மலைமண் சுண்ணாம்பை நிறையக் குடிக்கும். ஏக்கருக்கு நான்கைந்து மூட்டை தூவிவிட்டு மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது, ஒரு டன்னுக்குக் குறையாமல் கேட்கும் வயல்கள் ஏராளம். நடவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பு, ஈரமுள்ள மண்ணில் 15 செ.மீ. ஆழம் வரை கலந்துவிட வேண்டும். அதே நாளில் யூரியாவும் போட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

பரிசோதனைக்கு மண் எடுப்பதிலும் கோட்டை விடுகிறார்கள். எருக்குழி ஓரம், வரப்போரம், உரம் போட்ட மறுவாரம் எடுத்த மண் பொய் சொல்லும். மேல்மட்டமும் பள்ளத்து மட்டமும் ஒன்றாகக் கலந்தால், முடிவு இரண்டுக்குமே பொருந்தாது. ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவக் குழி வெட்டி, பக்கவாட்டில் 15 செ.மீ. ஆழத்துக்குச் சீவி, கலந்து, கால்பாகமாகக் குறைத்து அரைக் கிலோ அனுப்பினால் போதும்.

சுண்ணாம்பு அதிகம் போட்ட வயலில் போரான் என்ற நுண்சத்து கிடைப்பது குறையும். பீட்ரூட்டின் உள்ளே கறுப்பு, காலிஃபிளவர் தண்டில் பழுப்புக் குழி தெரிந்தால் சந்தேகப்படலாம். பற்றாக்குறை உறுதியானால் ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸ், மணலில் கலந்து சீராக. அடுத்தது பீன்ஸ் என்றால் இதில் தாராளம் காட்ட வேண்டாம், அது மிகையைத் தாங்காது.

வேர்வீக்க நோய் பற்றி இன்னொன்று. வைர முதுகு அந்துப்பூச்சிக்குப் பொறியாகக் கோஸ் நடுவே கடுகு விதைப்பது நல்ல பழக்கம். ஆனால் வேர்வீக்கம் உள்ள வயலில் கடுகும் அதே நோய்க்கு வீடு கொடுக்கும். அங்கே கடுகைத் தவிர்க்க வேண்டும். முள்ளங்கி, நூல்கோல், டர்னிப் எல்லாமே அதே குடும்பம். வீங்கிய வேரை மாட்டுக்குப் போட்டால் வித்துக்கள் சாணத்தோடு திரும்பி வரும். நாற்றை வெளியில் வாங்குபவர்கள் மண்பாத்தி நாற்றைவிட தென்னை நார்க்கழிவில் வளர்த்த குழித்தட்டு நாற்றை வாங்குவது பாதுகாப்பு.

விதைக்கிழங்கும் மணிச்சத்தும்

ஏக்கருக்கு 1,200 முதல் 1,400 கிலோ வரை விதை, ஒவ்வொன்றும் 40 முதல் 50 கிராம், 45-க்கு 20 செ.மீ. இடைவெளி. விதை விலை ஏறும் வருடங்களில் பெரிய கிழங்கை வெட்டி நடுகிறார்கள். ஈர மண்ணில் வெட்டுவாய் அழுகும். வெட்டியே ஆகவேண்டும் என்றால் துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கட்டும், இரண்டு மூன்று நாள் நிழலில் ஆறி வெட்டுவாய் காய்ந்த பிறகு நடுங்கள். புதிதாகத் தோண்டிய கிழங்கு உறக்கம் கலையாமல் முளைக்காது. அதற்கு ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். இருட்டில் வைத்தால் வெளுத்த நீள முளை வந்து நடும்போது ஒடியும். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் பரப்பி வைத்தால் முளை குட்டையாகவும் பச்சையாகவும் உறுதியாகவும் இருக்கும்.

உரத்தில் எல்லாவற்றுக்கும் பதினேழு-பதினேழு (தழை, மணி, சாம்பல் மூன்றும் சம அளவுள்ள கலப்பு உரம்) மூட்டை போடுவது சோம்பேறித்தனம். நீலகிரிக் கிழங்குக்கான பரிந்துரை எக்டேருக்குத் தழை 120, மணி (பாஸ்பரஸ்) 240, சாம்பல் (பொட்டாஷ்) 120 கிலோ. மணிச்சத்து இரட்டிப்பாக இருப்பதற்குக் காரணம், புளிப்பு மண்ணின் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன. தூவினால் கட்டுப்படுவது அதிகம், பாரின் அடியில் விதைக்கருகில் வைத்தால் குறைவு. ஆனால் விதையைத் தொடக் கூடாது, நடுவே ஒரு பிடி மண் இருக்கட்டும்.

60-ஆம் நாள் மண் அணைப்பைத் தள்ளிப்போடாதீர்கள். வெளியே தெரியும் கிழங்கு பச்சையாகும், கிழங்கு அந்துப்பூச்சி முட்டையிடும், அது கிடங்கு வரை கூடவே வரும். கருகல் நோய்க்கு மருந்து இலையில் புள்ளி கண்ட பிறகல்ல, மூடுபனியும் தூறலும் தொடர்ந்து நிற்கத் தொடங்கும்போதே. பூஞ்சைக்கொல்லியான மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி.

கேரட்டும் கழுவிய சேறும்

கேரட் கவையாக, கால் முளைத்ததுபோல வருவதற்கு விதையைக் குற்றம் சொல்வது வழக்கம். மட்காத எரு, உடையாத கட்டி, கல், நெருக்கத்தைத் தாமதமாகக் கலைப்பது ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். சமவெளியிலிருந்து லாரியில் வரும் கோழி எருவைச் சூடு ஆறாமல் அப்படியே கொட்டிக் கொத்திவிடுகிறார்கள். அது இளம்வேரின் நுனியைச் சுடும், வேர் இரண்டாகப் பிரியும். எருவைக் குவித்து, புரட்டி, வாடை போன பிறகு முந்திய பயிருக்குப் போடுவது நல்லது. 30-ஆம் நாள் செடிக்குச் செடி 10 செ.மீ. விட்டுக் கலைக்க வேண்டும். விதை அடர்த்தியாகத் தூவிவிட்டுக் கலைக்க ஆள் இல்லை என்று விட்டால், கிடைப்பது பென்சில் தடிமன்தான்.

இறுதியாக, கழுவும் இயந்திரம். உருளைக்குள் பல தோட்டத்துக் கேரட் சேர்ந்து உருளும்போது பல தோட்டத்து மண்ணும் சேர்கிறது. அந்தத் தண்ணீரை ஓடையில் விட்டால் கீழே உள்ளவர்களின் பாசனத்துக்குப் போய்ச் சேரும். ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு மூன்று தொட்டி கட்டி, சேறு படிந்த பிறகே தண்ணீர் வெளியேற வேண்டும். தொட்டியில் படிந்த சேறு பார்க்கக் கறுப்பாக, வளமாக இருக்கும். 'நல்ல மண்ணாச்சே' என்று அதை அள்ளிக் காய்கறிப் பாத்தியில் போடுகிறார்கள். நூற்புழுக் கூடும் வேர்வீக்க வித்தும் அதில் எத்தனை தோட்டத்திலிருந்து வந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சேற்றைத் தேயிலைச் செடிகளுக்கிடையே உள்ள குழிகளில் போடலாம், தேயிலையை இந்த இரண்டும் தொடாது. குழியிலிருந்து மழைநீர் வழிந்தால் அது காய்கறி மட்டத்துக்குப் போகாத இடமாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.