பழைய வைர மோதிரம்: பழுதுபார்ப்பிலும் காலக் கணிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மோதிரம் கைக்கு வந்ததும் பலரும் செய்யும் முதல் வேலை, பாலிஷ் போடக் கொடுப்பது. மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய் இதுதான். மோதிரத்தின் வயதைச் சொல்லும் தடயங்களில் பெரும்பாலானவை உலோகத்தின் மேல்தோலிலேயே இருக்கின்றன: வளையத்தின் உள்ளே மங்கிக் கிடக்கும் முத்திரை, கல்லைச் சுற்றிப் பொடிமணி கோத்ததுபோல் ஓடும் விளிம்பு, சித்திர வெட்டு, பழைய பற்றவைப்பின் நிறம். பாலிஷ் சக்கரம் சில நிமிடங்களில் இவற்றை வழித்துவிடும். முதலில் படம், அடுத்து காலக் கணிப்பு, கடைசியில்தான் பட்டறை. 10 மடங்கு லென்ஸ் வைத்துக் கல்லின் மேல், பக்கம், அடி, வளையத்தின் உட்புறம் எல்லாவற்றையும் படமெடுங்கள். எடையையும் உள்விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்லை மட்டும் பார்த்து வயது சொல்வது அடுத்த தவறு. வைரம் தேயாது, மோதிரம் தேயும். பாட்டி காலத்துக் கல் பேத்தி காலத்துக் கட்டுக்குள் (கல்லைப் பிடித்திருக்கும் உலோக அமைப்பு) உட்கார்ந்திருப்பது சர்வ சாதாரணம். ஆனாலும் வெட்டு நல்ல துப்பு. பழைய ஐரோப்பிய வெட்டுக் கல்லை நேர் மேலிருந்து பாருங்கள்: நட்டநடுவில் ஊசி குத்தியதுபோல ஒரு குட்டி வட்டம் தெரியும். அது துளையும் இல்லை, குறையும் இல்லை. கல்லின் அடிமுனையைக் கூராக விடாமல் தட்டையாக வெட்டிய பட்டை. மேல்தளம் சிறியது, மேற்பகுதி உயரமானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1930கள் வரை இந்த வெட்டு நடப்பில் இருந்தது. சதுரமும் வட்டமும் கலந்த, தலையணை போன்ற வடிவம் என்றால் அதற்கும் முந்தைய பாணி. பட்டைகளை எண்ணிப் பயனில்லை. பழைய ஐரோப்பிய வெட்டிலும் 58, இன்றைய வட்ட வெட்டிலும் 57 அல்லது 58. வேறுபடுவது விகிதம்தான். அந்த நவீன விகிதத்துக்கான கணக்கை வைரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்த பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி வெளியிட்டது 1919இல். பழைய பாணியில் இன்றும் புதிதாக வெட்டுகிறார்கள் என்பதால் வெட்டு மட்டுமே சாட்சியாகாது.

முத்திரையைப் படிப்பதிலும் வழுக்கல் உண்டு. ‘15’ கேரட் என்ற பிரிட்டிஷ் முத்திரை இருந்தால் அதிர்ஷ்டம்: அந்தத் தரம் அங்கே 1854 முதல் 1932 வரை மட்டுமே இருந்தது. ஆண்டைக் குறிக்கும் எழுத்தோ சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். எழுத்தின் வடிவம், அதைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவம், தரம் பார்த்து முத்திரையிட்ட சோதனைச் சாலையின் சின்னம் (பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை) ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்காவிட்டால் கணக்கு பல பத்தாண்டு தவறிப்போகும். பழைய பிரிட்டிஷ் பிளாட்டின மோதிரத்தில் அரசு முத்திரை இல்லையே என்று சந்தேகப்படாதீர்கள். அங்கே பிளாட்டினத்துக்கு முத்திரை முறை வந்ததே 1975இல். பிரான்சில் 18 கேரட் தங்கத்துக்குக் கழுகுத் தலை 1838 முதலும், பிளாட்டினத்துக்கு நாய்த் தலை 1912 முதலும் வழக்கில் உள்ளன. இன்னொன்று: முத்திரை வளையத்தின் வயதைத்தான் சொல்லும், கல் உட்கார்ந்திருக்கும் தலைப்பகுதியின் வயதை அல்ல. இரண்டுக்கும் நடுவே பற்றவைத்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓரக் கற்கள் செயற்கை நீலம் என்று தெரிந்ததும் ‘யாரோ மாற்றிவிட்டார்கள்’ என்று முடிவுகட்டுவதும் அவசரம். செயற்கை நீலக்கல் 1910 வாக்கிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. 1920களின் மோதிரத்தில் அது செய்தபோதே பதித்த கல்லாகவே இருக்கலாம்.

கழுவும்போது: வெதுவெதுப்பான நீர், சில சொட்டு மிருதுவான பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ், 20 நிமிட ஊறல். இது போதும். கை கழுவும் தொட்டியில் அல்ல, கிண்ணத்தில். ஆனால் அடிப்பக்கம் மூடிய கட்டாக இருந்தால் ஒரு சொட்டு நீரும் கூடாது. உள்ளே பளபளப்புக்காக வைத்த உலோகத் தாள் நனைந்தால் கறுத்துவிடும், கல்லும் சேர்ந்து செத்துப்போகும். குளோரின் கலந்த பிளீச் கல்லைப் பிடித்திருக்கும் வெள்ளைத் தங்கக் கொக்கிகளில் விரிசல் உண்டாக்கும். அல்ட்ராசோனிக் தொட்டியில் (ஒலி அதிர்வால் அழுக்கெடுக்கும் கருவி) இடும் முன் கொக்கிகளைச் சோதியுங்கள்: கம்பளித் துணியில் மெதுவாக இழுங்கள்; நூல் சிக்கினால் கொக்கி தூக்கியிருக்கிறது. காதருகே வைத்துத் தட்டும்போது கிலுகிலுத்தால் கல் ஆடுகிறது.

பட்டறையில் அதிகம் கெடுவது தீயால்தான். முன்பு யாரோ ஈயப் பற்றாசு (உலோகத்தை ஒட்ட உருக்கி வைக்கும் கலவை) வைத்து ஒட்டியிருந்தால் அந்த இடம் மந்தமான சாம்பல் நிறத்தில் திட்டாகத் தெரியும். அதன்மேல் அப்படியே தீ ஊதினால் ஈயம் உருகித் தங்கத்துக்குள் ஊறி அதை அரித்துவிடும். சற்று முன்வரை கெட்டியாக இருந்த வளையம் பொத்தல் பொத்தலாகக் குழிந்து நிற்கும். இதை மறைக்கப் புதுப் பற்றாசு வைத்தால் குழி பெரிதாகும். ஈயத்தை ஒட்டுமொத்தமாகச் சுரண்டி எடுத்த பிறகே நெருப்பு. கல்லை எடுக்காமல் ஊதுவதானால் போரிக் அமிலத்தை ஆல்கஹாலில் கலந்து முக்கி, அந்தப் பூச்சுடன்தான் ஊத வேண்டும். இல்லையேல் வைரத்தின் மேற்பரப்பு காற்றில் எரிந்து பால்போல் மங்கும். விரிசலைக் கண்ணாடிப் பொருளால் நிரப்பிய கல்லைச் சாய்க்கும்போது நீலமோ ஆரஞ்சோ பளிச்சென்று ஓடி மறையும். அதைத் தீக்கும் அல்ட்ராசோனிக்குக்கும் காட்டவே கூடாது. பிளாட்டினத்தைத் தங்கப் பற்றாசால் ஒட்டினால் மஞ்சள் கோடு நிரந்தரமாகத் தெரியும். கல்லுக்கு அருகிலான வேலைக்கு லேசர் வெல்டிங் இருந்தால் அதையே கேளுங்கள்.

அளவு மாற்றும்போது முத்திரை உள்ள இடத்தில் அறுக்கவேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். முத்திரை பெரும்பாலும் வளையத்தின் அடியில்தான் இருக்கும், அறுப்பதும் அங்கேதான். 1 மி.மீ.க்கும் மெலிந்த வளையத்தை இழுத்துப் பெரிதாக்குவது முட்டாள்தனம்; துண்டு சேர்க்கவோ அடிப்பாதியை மாற்றவோ வேண்டும். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தின் அளவை மாற்றும் யோசனையையே விட்டுவிடுங்கள். தங்க வளையமும் பிளாட்டினத் தலையும் சேர்ந்த மோதிரம் முழுவதற்கும் ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தைப் பூசினால் இரு நிற அழகே போய்விடும்.

பழைய கல்லைப் புது வெட்டுக்கு மாற்றலாமே என்பவர்களுக்கு: எடை கணிசமாகக் குறையும், போன வெட்டு திரும்பாது. எங்களைக் கேட்டால், தொடாதீர்கள்.

மோதிரம் திரும்பி வந்ததும் பழைய படங்களை அருகில் வைத்து, கல்லுக்குள் இருக்கும் புள்ளியும் கீற்றும் அதே இடங்களில் இருக்கின்றனவா என்று லென்ஸில் ஒப்பிடுங்கள். பிறகு எடை போடுங்கள். வளையத்தை அறுக்காமல், உலோகம் எதுவும் சேர்க்காமல், கொக்கி நுனிகளை மட்டும் அழுத்தி வாங்கிய மோதிரத்தின் எடை மாறக் காரணமில்லை.