தரையோடு படுத்துப் பாறையை எடுப்பது: சேலத்துக் கரடுகளில் ஒரு செய்முறை

பாலைவனப் பாறைகளின் படங்களைப் பார்த்துவிட்டு, "இப்படி எடுக்க ராஜஸ்தானுக்கோ ஜோர்டானுக்கோ போயாக வேண்டுமா?" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். வேண்டியதில்லை. அந்தப் படங்களில் நம்மைப் பிடித்து நிறுத்துவது மரம் செடி மறைக்காத வெறும் பாறையும், அதன் மேல் சாய்வாக விழும் வெயிலும், தரையை ஒட்டி வைத்த கேமராவும்தான். பாறையும் வெயிலும் சேலத்தில் வேண்டிய மட்டும் இருக்கின்றன. வடகிழக்கே சேர்வராயன் மலை, வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. இவற்றின் அடிவாரங்களில் கிடக்கும் சின்னச் சின்னக் கரடுகளை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவற்றைத்தான் இங்கே எடுக்கப் போகிறோம். கையில் மொபைல் இருந்தாலே போதும்.

படி 1: லென்ஸின் உயரத்தை முடிவு செய்யுங்கள்

இந்தச் செய்முறை முழுவதும் இந்த ஒரு படியின் மேல்தான் நிற்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கேமராவை மேலே கீழே சாய்க்காமல் மட்டமாகப் பிடித்தால், சமதரையில் தொடுவானக் கோடு லென்ஸ் இருக்கும் உயரத்தில்தான் விழும். நீங்கள் நின்றுகொண்டு ஐந்தடி உயரத்தில் கேமராவைப் பிடித்தால், ஐந்தடிக்குக் குறைவான எந்தப் பாறையும் அந்தக் கோட்டைத் தாண்டாது. அதன் பின்னால் மண்ணும் முள்ளும்தான் தெரியும். பாறையின் நிறமும் மண்ணின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், பாறை அதற்குள்ளேயே அமுங்கிவிடும். இப்போது லென்ஸை அரையடி உயரத்துக்கு இறக்குங்கள். இரண்டடிப் பாறையின் முக்கால் பங்கு கோட்டுக்கு மேலே போய், வானத்தின் முன்னால் தனியாக நிற்கும். நேரில் முட்டி உயரம்கூட இல்லாத பாறை, படத்தில் கோபுரமாகிவிடும்.

பின்னால் மலை இருந்தால் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்ளும். ஏற்காடு அடிவாரத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் சேர்வராயன் மலை எழும்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். லென்ஸ் பாறையின் தலையைவிடக் கீழே இருக்கும் வரை, நீங்கள் பாறைக்குப் பக்கத்தில் போகப் போக அதன் தலை மலை முகட்டுக்கு மேலே ஏறும். பின்வாங்கினால் மலைக்குள் இறங்கும். பாறையின் உச்சியும் மலையின் முகடும் ஒரே கோட்டில் ஒட்டிக்கொண்டால் படம் கெட்டது. ஒன்று தெளிவாக மேலே போக வேண்டும், இல்லையென்றால் தெளிவாகக் கீழே இருக்க வேண்டும். அதற்கு ஓரடி முன்னே நகர்ந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பழக்கத்துக்கு ஒரே பாறையை நின்று, முட்டிபோட்டு, படுத்து என்று மூன்று விதமாக எடுங்கள். அப்புறம் நான்காவதாக, லென்ஸைத் தரையிலிருந்து நாலு விரல்கடை உயரத்தில் வைத்து எடுங்கள். வரிசையாகப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தானாகப் புரியும். ஒன்றைக் கவனியுங்கள்: எப்போதும் கடைசிப் படம்தான் சிறந்தது என்று இல்லை. ரொம்பவும் இறக்கினால் முன்னால் இருக்கும் தரை நசுங்கி ஒரு கோடாகிவிடும். தரையில் நல்ல வெடிப்போ தேங்கிய தண்ணீரோ இருந்தால், ஓரடி ஒன்றரையடி உயரமே நல்லது.

படி 2: பாறையைத் தேர்ந்தெடுங்கள்

ஜோர்டானின் வாடி ரம் பாலைவனத்தில் இருப்பது பெரும்பாலும் மணற்பாறை. அடுக்கடுக்காகப் படிந்தது, காற்றும் தண்ணீரும் செதுக்கியது. அதன் அடுக்குகளே படத்துக்கு வேண்டிய கோடுகளைத் தந்துவிடும். நம் சேர்வராயன் மலை சார்னகைட் என்ற கெட்டிப் பாறை. சுமார் 250 கோடி ஆண்டு வயது. பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலே இருந்ததெல்லாம் கரைந்து போன பிறகு வெளியே தெரிவது. உடைத்த இடத்தில் கருநீலச் சாம்பல் நிறம். வெயிலும் மழையும் பட்ட மேல்பகுதி பழுப்பேறி, வெங்காயத் தோல் மாதிரி தகடு தகடாக உரிந்து, உருண்டையாக நிற்கும்.

ஆகவே இங்கே அடுக்கைத் தேடக் கூடாது, வெடிப்பைத் தேட வேண்டும். ஒரு வெடிப்பு உங்கள் லென்ஸுக்குக் கீழே தொடங்கிப் பின்னால் இருக்கும் பெரிய பாறையை நோக்கி ஓடினால், பாதி வேலை முடிந்தது. உரிந்த தகட்டின் ஓரம், அதன் கீழே விழும் மெல்லிய நிழல், வெடிப்புக்குள் முளைத்த நாலு புல், பாறையில் ஒட்டியிருக்கும் சாம்பல் பச்சைப் பாசித் திட்டு எல்லாம் தரை மட்டத்தில் பெரிதாகத் தெரியும்.

பாறை மேல் இயற்கையாக உண்டான குழிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. மழை பெய்த மறுநாள் அவற்றில் தண்ணீர் நிற்கும். குழி கையகலம் இருந்தாலே போதும். லென்ஸைத் தண்ணீரின் விளிம்பை ஒட்டி இறக்கினால், பின்னால் நிற்கும் பாறை முழுவதும் அதில் தலைகீழாகத் தெரியும். ஒரு விரல்கடை உயர்த்தினால் பாறை மறைந்து வானம் மட்டும் தெரியும். கையை மெதுவாக ஏற்றி இறக்கி, பிம்பத்தின் உச்சி வெட்டுப்படாத இடத்தில் நிறுத்துங்கள்.

கஞ்சமலையின் சங்கதி வேறு. அங்கே இரும்புத் தாதுவான மாக்னடைட் கலந்த பாறை, கருப்பும் வெளுப்புமாகப் பட்டைபட்டையாக இருக்கும். பாலைவனப் பாறையின் அடுக்குகளுக்கு இந்த வட்டாரத்தில் நெருங்கி வருவது இதுதான். சூரியன் எந்தப் பக்கம் வரும் என்று மொபைலின் திசைகாட்டியை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள், அங்கே பாறைக்கு மிக அருகில் அதை நம்ப வேண்டாம். காந்தத் தாது முள்ளை இழுத்துவிடும்.

ஏற்காட்டில் பகோடா பாயின்ட் போனால், அங்கே அடுக்கி வைத்திருக்கும் கற்குவியல்கள் தாழ்வான கோணத்துக்கு அருமையாக ஒத்துவரும். சனி, ஞாயிறு, மே மாதக் கோடை விழா நாட்கள் தவிர்த்துப் போங்கள். எந்தக் கல்லையும் நகர்த்தவோ, புதிதாக அடுக்கவோ வேண்டாம்.

படி 3: படுப்பதற்கு முன்

கரட்டில் படுக்கும் முன் ஒரு குச்சியால் அந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள். கல்லுக்கடியில் தேள் இருக்கும், வெடிப்புக்குள் பாம்பு இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை வைக்கவே கூடாது. கெட்டியான ஒரு சாக்கு அல்லது பழைய யோகா பாயை விரித்துக்கொள்ளுங்கள். முழங்கையும் முட்டியும் தப்பிக்கும். ஏற்காட்டின் லேடீஸ் சீட் மாதிரி சரிவான விளிம்புகளில் கம்பி வேலியைத் தாண்டிப் போய்ப் படுக்காதீர்கள். கேமராவின் திரையையே பார்த்துக்கொண்டு ஊர்ந்து நகரும்போது விளிம்பு எங்கே என்பது மறந்துவிடும். இடி இடித்தால் உச்சிப் பாறையை விட்டு உடனே இறங்கிவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். வெள்ளைக்கல் (மாக்னசைட்) சுரங்கங்களுக்குள் நுழையக் கூடாது. சாலையோரத்தில் தெரிவதை எடுத்தாலே போதும்.

படி 4: வெயிலைத் தேர்ந்தெடுங்கள்

சேலம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், சுமார் 11.65 பாகை வடக்கில் இருக்கிறது. அதனால் சூரியன் இங்கே செங்குத்தாக விறுவிறுவென்று ஏறிவிடும். அமெரிக்காவின் யூட்டா மாதிரி வடக்கே தள்ளி இருக்கும் பாலைவனங்களில் அது சாய்வாக ஏறுவதால், இளவெயில் நீண்ட நேரம் நிற்கும். நமக்கு அந்த வசதி கிடையாது. சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்தில் சுமார் 14 பாகை உயரத்துக்கு வந்துவிடும். அப்போது ஓரடிக் கல்லுக்கு நாலடி நிழல் விழும். அதுதான் கடைசி நல்ல நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் சூரியன் எழுவது 6.40 வாக்கில், ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன்பு. கால் மணி நேரம் முன்னதாகவே பாறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால், இடத்தை முந்தின நாள் மாலையே பார்த்து வைத்துவிடுங்கள்.

ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் நண்பகல் சூரியன் சேலத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். பாறையின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே போய்விடும், மேடு பள்ளம் எதுவும் தெரியாது. டிசம்பர், ஜனவரியில் நண்பகலில்கூட சூரியன் தெற்கே சாய்ந்து, சுமார் 55 முதல் 60 பாகை உயரத்தில்தான் இருக்கும். தெற்குப் பார்த்த பாறை முகங்களை எடுக்க இந்த மாதங்கள் நல்லவை.

வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் இரண்டு தொல்லை: பாறை தட்டையாகத் தெரியும், உங்கள் நிழலும் படத்துக்குள் வந்து விழும். இடது அல்லது வலது தோள் பக்கம் வெயில் வரும்படி படுங்கள். சொரசொரப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் கிடைக்கும். ஏற்காட்டில் பனிமூட்டம் இருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். பின்னணி வெளுத்து மறைந்து, நனைந்த கரும்பாறை மட்டும் நிற்கும். கேமராவில் எடுப்பவர்கள் லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டரைத் திருப்பினால், ஈரப் பாறையின் பளபளப்பு அடங்கி நிறம் வெளியே வரும்.

படி 5: மொபைலையும் கேமராவையும் அமைப்பது

மொபைலைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் மேல் மூலையில் இருப்பதால், கவிழ்த்தால் அது தரைக்கு அருகே வந்துவிடும். வைட் லென்ஸைவிட முதன்மை லென்ஸில் தொடங்குவது நல்லது. பல மொபைல்களில் வைட் லென்ஸுக்கு ஃபோகஸ் நகராது, பக்கத்தில் இருக்கும் கல் மங்கிப்போகும். நடுத்தரத் தூரத்தில் இருக்கும் பாறையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும்.

கேமரா என்றால், கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை 18 மி.மீ.-இல் வைத்து, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப்/11, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100. ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார் உள்ள கேமராவில், சுமார் ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், முக்கால் மீட்டரிலிருந்து தொலைவில் இருக்கும் மலை வரை எல்லாம் தெளிவாக வரும். அதைவிடப் பக்கத்தில் கல் இருந்தால் ஃபோகஸை மாற்றி மாற்றி இரண்டு மூன்று படம் எடுத்து, பிறகு கணினியில் சேர்க்க வேண்டியிருக்கும். தொடக்கத்தில் அது தேவையில்லை, கொஞ்சம் பின்வாங்கினால் போதும். எஃப்/22 வரை போகாதீர்கள், படம் முழுவதுமே மென்மையாகிவிடும்.

உயரமான ட்ரைபாட் இந்த வேலைக்கு உதவாது. ஒரு சின்னத் துணிப்பையைக் காலியாக எடுத்துப் போய், அங்கேயே மண்ணை நிரப்பி, அதன் மேல் கேமராவை அமுக்கி வையுங்கள். இரண்டு நொடி டைமர் போட்டால், விரல் பட்டு ஆடுவதும் இருக்காது.

இனி சாய்வு. கீழே படுத்ததும் கை தானாகக் கேமராவை மேலே திருப்பும். அப்படித் திருப்பினால் பாறைகளெல்லாம் பின்பக்கம் மல்லாந்து விழுவதுபோலத் தெரியும். ஒற்றைப் பாறைக்கு அது சில சமயம் பொருந்தும். வரிசையாக நிற்கும் பாறைகளுக்குப் பொருந்தாது. கேமராவை மட்டமாக வைத்துக்கொண்டு, உயரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

படி 6: கருப்பும் வெள்ளையும்

சேலத்தில் பாறை எடுக்கிறவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துத்தான் கேமரா வெளிச்சத்தை அளக்கும். ஃபிரேம் முழுக்கக் கரும்பாறை இருந்தால், வெளிச்சத்தைக் கூட்டி வெளிற வைத்துவிடும். அப்போது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை −0.7 அல்லது −1 பக்கம் இறக்குங்கள்.

சேலத்துக்கும் ஏற்காடு அடிவாரத்துக்கும் இடையே, ஆங்கிலேயர் காலத்தில் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்த வெள்ளைக் கரடுகளில் இது அப்படியே தலைகீழ். அங்கே இருப்பது மாக்னசைட். சூளைகளின் உட்சுவருக்கான வெப்பம் தாங்கும் செங்கல் செய்ய உதவும் வெள்ளைக்கல். அதைப் பார்த்ததும் கேமரா வெளிச்சத்தைக் குறைத்து, வெள்ளையை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு, படத்தின் வெளிச்சத்தை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், வலது ஓரத்தில் போய் முட்டியிருந்தால் ஒரு படி இறக்குங்கள். மொபைலில் பாறையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியை இழுத்து இதையே செய்யலாம். கருநிறப் பாறைக்குள் வெள்ளை நரம்பு ஓடும் இடங்களில், வெள்ளை கரைந்துபோகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கருப்பைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

படி 7: வீட்டுக்கு வந்து

முதலில் தொடுவானக் கோட்டை நேராக்குங்கள். பிறகு நிழலைக் கொஞ்சம் தூக்கி, வெளிச்சத்தைக் கொஞ்சம் அடக்குங்கள். சொரசொரப்பைத் தூக்கிக் காட்டும் கிளாரிட்டி, டெக்ஸ்சர் இரண்டையும் பாதிக்கு மேல் தள்ளினால், பாசித் திட்டுகள் பொரிந்து பாறை பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். சேலத்துக் காலை வெயிலின் மஞ்சளைப் பாலைவன ஆரஞ்சாக மாற்ற வேண்டாம். வெள்ளைக்கல் படத்தில் மட்டும், வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் வொயிட் பேலன்ஸைச் சரிபாருங்கள். நிழல் பகுதி நீலமாக இருப்பது இயல்புதான், வெயில் பட்ட பகுதி நீலமாகத் தெரிந்தால்தான் தவறு. படத்தை வெட்டும்போது கீழே இருக்கும் மங்கலான தரையை முதலில் வெட்டுங்கள், பாறையின் தலைக்கு மேல் இருக்கும் வானத்தில் கை வைக்காதீர்கள்.