விடுதி தொடங்கும் தம்பிகளே, அந்தப் பலகையைக் கழற்றுங்கள்

மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், பலவும் இடிபட்டுவிட்டன. கோயில்கள் மட்டும் அங்கேயே இருக்கின்றன. திருவிழா வந்தால் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்கள். இராத்திரி படுக்கத்தான் வீடு இல்லை. அதனால் கடைவீட்டு மாடியில் ஆறு அறை, தாத்தா வீட்டில் மூன்று அறை என்று நம் பிள்ளைகள் விடுதி திறக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்தில் ஆடிய அதே கூத்தை இவர்களும் ஆடும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

லைசன்ஸ் எடு, தீயணைப்புக் கருவி வை என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை நகராண்மைக் கழகமே வந்து சொல்லும்.

‘நிர்வாகம் பொறுப்பல்ல’

எந்தப் புது விடுதிக்குப் போனாலும் அறைக் கதவின் பின்னால் இது தொங்கும்: ‘பொருட்கள் காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல.’ மூன்று மொழியில், சிவப்பு எழுத்தில். மாட்டியவர் அன்றோடு நிம்மதியாகிவிடுகிறார். எனக்கு எரிச்சல் வருவது அந்த நிம்மதியைப் பார்த்துத்தான்.

விருந்தினரின் பொருளுக்கு விடுதிக்காரரே பொறுப்பு என்பது பழைய இங்கிலாந்துச் சட்டம். 1584இல் தீர்ப்பான ஒரு வழக்கிலேயே இதை விரிவாகப் பேசியிருக்கிறார்கள். ‘நான் திருடவில்லையே’ என்பது அங்கே பதிலாகாது. இந்தச் சுமையைக் குறைக்கத்தான் நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு விடுதிக்காரர் சட்டம் இருக்கிறது. நஷ்டஈட்டுக்கு அது ஓர் உச்சவரம்பு வைக்கிறது. ஆனால் சும்மா வைக்கவில்லை. அந்தச் சட்டப் பிரிவின் நகலை விடுதி முகப்பில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டியிருந்தால்தான் அந்தச் சலுகை. விடுதிக்காரரோ அவருடைய வேலையாளோ அலட்சியமாக இருந்து பொருள் போயிருந்தால் வரம்பு கிடையாது. பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி உங்களிடமே ஒப்படைத்த பொருளுக்கும் கிடையாது.

ஆக, சட்டம் ஒட்டச் சொன்ன தாளை ஒட்டாமல், தானே ஒன்றை எழுதி மாட்டுகிறார்கள். அதையும் தப்பான இடத்தில்.

ஏன் தப்பான இடம்? லண்டனில் ஒரு தம்பதியர் வரவேற்பு மேசையில் பணம் கட்டிவிட்டு அறைக்குப் போனார்கள். ‘பொறுப்பல்ல’ அறிவிப்பு அறைக்குள் இருந்தது. பிறகு ஒருநாள் அந்த அம்மா சாவியைக் கீழே மாட்டிவிட்டு வெளியே போக, யாரோ அதை எடுத்துப்போய் அவருடைய விலங்கு உரோம ஆடைகளைத் திருடிவிட்டார்கள். 1949இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒப்பந்தம் மேசையிலேயே முடிந்துவிட்டது, அதன்பிறகு அறையில் காட்டும் நிபந்தனை அதில் சேராது. தீபகற்ப மலேசியாவில் 1956க்கு முந்திய இங்கிலாந்துப் பொதுச் சட்டத்துக்கு இன்றும் இடம் உண்டு; இது லண்டன் கதை என்று தள்ள முடியாது.

நம் ஊரிலும் கிட்டத்தட்ட அதேதான் நடந்தது. கல்யாணத்துக்கு வந்த ஓர் அக்கா, சாவியைக் கொடுத்துவிட்டு மண்டபத்துக்குப் போனார். விடுதித் தம்பி அதை மேசைக்கு மேலே ஆணியில் மாட்டினார். அறை எண் எழுதிய மரக்கட்டை சாவியோடு வெளியே தெரியும்படி ஆடிக்கொண்டிருந்தது. தம்பி தே தாரிக் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நான்கு பவுன் சங்கிலி போய்விட்டது. “போர்டு போட்டிருக்கோமே அண்ணே!” என்று என்னிடம் வந்து நின்றார். எந்த போர்டு? அறைக்குள்ளே இருப்பது. அலட்சியம் யாருடையது? ஆணியைப் பார்த்தால் தெரியும்.

பயனீட்டாளர் கோரல் நடுவர் மன்றத்தில் புகார் பதிய 5 ரிங்கிட் போதும், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். அந்த அக்காவின் மகன் இதையெல்லாம் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் பேச வந்தார். போதாததற்கு, கவனக்குறைவுக்கான பொறுப்பைக் காரணமில்லாமல் கழற்றிவிடும் நிபந்தனை நியாயமற்றது என்று பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. 2010 திருத்தத்தில் வந்தது அது. தம்பி கடைசியில் தவணை முறையில் பணம் கட்டினார். அப்போதும் பலகையைக் கழற்றவில்லை!

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிரிவின் நகலை முகப்பில் ஒட்டுங்கள். சாவியை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டுங்கள், கட்டையில் அறை எண் வேண்டாம். யாராவது நகையைக் கொடுத்து வைக்கச் சொன்னால், வாங்குவதற்கு முன் யோசியுங்கள். வாங்கினால் ரசீது எழுதுங்கள். காப்புறுதியையும் பாருங்கள்.

மைகார்டை (அடையாள அட்டையை) பிடித்து வைப்பது

கூடாது. விவரத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுங்கள். படம் எடுத்து வாட்சாப் குழுவில் போடுவது அதைவிட மோசம்.

சுற்றுலா வரியில் தலையை எண்ணுவது

ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் என்பது அறைக்கு, ஆளுக்கு அல்ல. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. திருச்சியிலிருந்து வரும் மாமாவும் சிங்கப்பூர் அத்தையும் நமக்கு என்னதான் சொந்தமாக இருந்தாலும், சட்டத்துக்கு வெளிநாட்டவர்தான். நான்கு அறைக்கு மேல் இல்லாத விடுதிக்கு விலக்கு உண்டு. தாத்தா வீட்டு மூன்று அறைக்காரர்கள் இதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதை என்னவென்று சொல்வது?

சேவைக் கட்டணத்தைச் சம்பளத்தில் கலப்பது

பில்லில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் வாங்கி, அதைக் கொண்டே குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பிவிடலாம் என்று பெரிய ஹோட்டல்களே கணக்குப் போட்டன. 2021இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. இப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 ஆகஸ்டிலிருந்து ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கும் அதேதான். ‘நம்ம பையன்தானே, சாப்பாடு போடுறோமே’ என்ற பேச்சு தொழிலாளர் அலுவலகத்தில் எடுபடாது.

காலை இட்லி

சமைப்பவருக்கும் பரிமாறுபவருக்கும் தைஃபாய்டு ஊசி, உணவு கையாள்வோர் பயிற்சிச் சான்றிதழ். அண்ணி சமைத்தாலும்தான்.